கைக்கு வந்த வம்சாவளியை இங்கிலாந்துப் பங்குப் பதிவேடுகளை வைத்துச் சரிபார்ப்பது: முழுமையான வழிகாட்டி

என் மாமனாரின் சித்தப்பா 1980களில் தயாரித்த வம்சாவளி ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. ஒட்டுப்போட்ட நான்கு சார்ட் தாள், உச்சியில் சிவப்பு மையில் 1561, அடியில் என் கணவர். மொத்தம் 14 தலைமுறை. சரிபார்த்து முடிக்க ஒன்றரை வருடம் ஆனது, 9 தலைமுறை தேறியது. அதன் பிறகு இங்கிலாந்துக் குடும்பத்தில் கல்யாணம் செய்தவர்கள், ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தினர் என்று தெரிந்தவர்கள் சிலருக்கு இதே வேலையில் கூட உட்கார்ந்தேன். எல்லோரும் ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

சொற்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பாரிஷ் என்பதைப் பங்கு என்கிறேன். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் அந்தப் பங்கின் குரு எழுதி வைத்த ஏடுதான் பங்குப் பதிவேடு. 1538-ல் தாமஸ் குரோம்வெல் போட்ட உத்தரவில் தொடங்குகிறது. 1837 ஜூலை 1-ல் அரசுப் பதிவு வரும் வரை சாதாரண ஆட்களுக்கு இதை விட்டால் பெரிதாக வேறு சாட்சி கிடையாது.

1. உட்காரும் முன்

மூலத் தாளில் கை வைக்காதீர்கள். படம் எடுத்து, அச்சிட்ட நகலில் பென்சிலால் வேலை செய்யுங்கள். முன்னால் ஆராய்ந்தவர் ஓரத்தில் கிறுக்கி வைத்த குறிகள், அடித்துத் திருத்திய இடங்கள் எல்லாம் அவர் எங்கே சந்தேகப்பட்டார் என்பதற்கான தடயங்கள். சுத்தமாகத் தட்டச்சு செய்து கணினியில் ஏற்றினால் முதலில் காணாமல் போவது அவைதான்.

இரண்டாவது, பழைய எல்லைகளைக் காட்டும் வரைபடம். 1974-ல் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) எல்லைகள் மாறின, அதனால் இன்றைய வரைபடத்தை வைத்துத் தேடினால் தப்பான ஆவணக் காப்பகத்தில் போய் நிற்பீர்கள். 1851-ன் பங்கு எல்லைகளைக் காட்டும் வரைபடம் ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகவே இருக்கிறது.

வம்சாவளித் தளங்களுக்குச் சந்தா கட்டும் முன் ஒரு நிமிடம். ஒரு கவுண்டியின் பதிவேட்டுப் படங்கள் ஆன்செஸ்ட்ரியில் இருக்கும், பக்கத்துக் கவுண்டியுடையது ஃபைண்ட்மைபாஸ்டில் இருக்கும், சிலது எங்குமே இல்லாமல் காப்பகத்தில் நேரில் போனால்தான் கிடைக்கும். எந்தக் கவுண்டி எங்கே என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். இங்கிலாந்தில் இருப்பவர்கள் முதலில் உள்ளூர் நூலகத்தில் கேளுங்கள், பல நூலகங்களில் இந்தத் தளங்களை இலவசமாகப் பார்க்கலாம்.

2. மரத்தை இணைப்புகளாக உடையுங்கள்

வம்சாவளியை ஒரே படமாகப் பார்த்தால் எல்லாமே உண்மை மாதிரி தெரியும். அதனால் உடைக்க வேண்டும். "இந்த ஜான் அந்த வில்லியமின் மகன்" என்பது ஒரு தனி வாக்குமூலம். 14 தலைமுறை என்றால் இப்படி 13 வாக்குமூலங்கள். ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி மூன்று விஷயம் எழுதுங்கள்: தாள் என்ன சொல்கிறது, அவருக்கு அது எங்கிருந்து கிடைத்தது, நான் என்ன பார்த்தேன்.

இரண்டாவது கேள்விதான் பலர் விட்டுவிடுவது. 1970, 80களில் செய்த ஆய்வு என்றால் ஓரத்தில் 'ஐஜிஐ' என்ற மூன்று எழுத்து இருக்கிறதா பாருங்கள். மார்மன் சபையினர் தொகுத்த பெரிய அட்டவணை அது. அப்போது மைக்ரோஃபிஷில் வந்தது, இன்று ஃபேமிலிசர்ச்சுக்குள் இருக்கிறது. அதில் ஞானஸ்நானமும் கல்யாணமும்தான் குவிந்திருக்கும், அடக்கங்கள் மிகக் குறைவு. விளைவு என்னவென்றால், பிறந்து மூன்றே வாரத்தில் இறந்த குழந்தைகள்கூட அந்தக் காலத்து வம்சாவளிகளில் வளர்ந்து, கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று வாழ்ந்துகொண்டிருப்பார்கள். அதோடு, உறுப்பினர்கள் தாங்களே அனுப்பிய 'சுமார் 1640' மாதிரி ஊகத் தேதிகளும் அதில் கலந்திருக்கின்றன. ஐஜிஐ என்று கண்டால் அந்த இணைப்பு முழுவதும் மறுபடி பார்க்க வேண்டியது.

3. கீழிருந்து மேலே போங்கள்

எல்லோருக்கும் 1561 மேல்தான் கண். நேராக அங்கே போய்ப் பார்ப்பார்கள், பதிவு அப்படியே இருக்கும், உடனே சந்தோஷம். ஆனால் அந்த ஆளுக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு கண்ணி அறுந்திருந்தால், யாரோ ஒருவருடைய தாத்தாவை ஊர்ஜிதம் செய்துகொண்டிருப்பீர்கள்.

அரசுப் பதிவுச் சான்றிதழ்களையும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் வைத்து 1837-ஐக் கடந்து உள்ளே நுழையுங்கள். 1851 கணக்கெடுப்பு முக்கியம், அதில் பிறந்த பங்கின் பெயரே இருக்கும். 1841-ல் அது இருக்காது, வயதையும் 15-க்கு மேற்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதியிருப்பார்கள், 39 வயதுக்காரர் 35 ஆகிவிடுவார். 1851 வரை உயிரோடு இருந்த ஒருவரைப் பிடித்தால் எந்த ஊர்ப் பதிவேட்டைத் திறப்பது என்பது தெரிந்துவிடும்.

1813 முதல் 1837 வரை எளிது. அச்சடித்த படிவம். ஞானஸ்நானத்தில் அப்பாவின் தொழிலும் குடியிருப்பும், அடக்கத்தில் வயதும் இருக்கும். அதற்கு முந்தைய பதிவுகளில் இதில் எதுவும் நிச்சயமில்லை, சில பதிவேடுகளில் அம்மாவின் பெயரே இருக்காது.

4. அந்த வருடத்துக்கு ஏடு இருக்கிறதா?

பெயரைத் தேடும் முன் ஏட்டைத் தேடுங்கள். அந்தப் பங்குக்கு எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை பதிவேடு தப்பிப் பிழைத்திருக்கிறது, நடுவில் எங்கே ஓட்டை என்பது காப்பகத்தின் பட்டியலில் இருக்கும். 'தேடினேன், இல்லை' என்பதும் 'அந்த ஆறு வருடத்துக்கு ஏடே இல்லை' என்பதும் ஒன்றாகிவிடாது. இதைப் பார்க்காமல், பக்கத்து ஊரில் அதே பெயரில் ஒருவர் கிடைத்தார் என்று எடுத்துப் போட்டுக்கொண்டதுதான் நான் பார்த்த தவறுகளில் பாதி.

எதிர்பார்க்க வேண்டிய ஓட்டைகள் இரண்டு. ஒன்று, தொடக்கம். 1538-ல் காகிதத்தில் தொடங்கிய ஏடுகளை 1598-ல் தோல் தாளில் படியெடுக்கச் சொன்னார்கள். எலிசபெத் பட்டத்துக்கு வந்த 1558 முதல் எடுத்தால் போதும் என்று இடம் கொடுத்ததால், பல ஊர்களில் முதல் இருபது வருடம் போயே போய்விட்டது. இரண்டு, 1642-ல் தொடங்கிய உள்நாட்டுப் போரும் அதன் பிறகும். 1653-க்கும் 1660-க்கும் நடுவில் ஞானஸ்நானத் தேதிக்குப் பதில் பிறந்த தேதியை எழுதியிருப்பார்கள், கல்யாணம் நீதிபதி முன்னால் நடந்திருக்கும், பல ஊர்களில் எதுவுமே எழுதியிருக்க மாட்டார்கள்.

ஓட்டைக்கு மருந்து, பிஷப்புக்கு அனுப்பிய நகல். 1598 முதல் ஒவ்வொரு வருடமும் பதிவுகளைப் படியெடுத்து அனுப்ப வேண்டும் என்று விதி. ஏடு தொலைந்த வருடத்துக்கு நகல் கிடைக்கலாம். இரண்டுமே இருந்தால் இரண்டையும் பாருங்கள், ஒன்றில் விட்ட அம்மா பெயர் இன்னொன்றில் இருக்கும்.

5. மார்ச் 25: இங்கேதான் நானும் விழுந்தேன்

1752-க்கு முன் இங்கிலாந்தில் புது வருடம் மார்ச் 25-ல் பிறந்தது. 1697 டிசம்பருக்கு அடுத்து 1697 ஜனவரி, 1697 பிப்ரவரி, அப்புறம் மார்ச் 25-ல்தான் 1698. நம் ஊரில் மார்கழி முடிந்து தை வந்தாலும் தமிழ் வருடம் சித்திரையில்தான் மாறுகிறது இல்லையா, அப்படி நினைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

இதற்கு எல்லோரும் பார்க்கக்கூடிய ஒரு பதிவு ஷேக்ஸ்பியருடைய இரட்டைக் குழந்தைகள். ஹாம்னெட், ஜூடித் இருவருக்கும் அவருடைய ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டில் ஞானஸ்நானம் நடந்தது நம் கணக்கில் 1585 பிப்ரவரி 2. பதிவேட்டில் அது 1584-க்குக் கீழே இருக்கிறது. மூத்தவள் சூசன்னாவின் ஞானஸ்நானம் 1583 மே 26, அது மே என்பதால் எந்தக் கணக்கிலும் 1583தான். வருடத்தை மட்டும் பார்த்து இடைவெளி போட்டால் ஒரு வருடம், உண்மையில் இருபது மாதம்.

இனி என் கதை. எங்கள் தாளில் ஒரு தாமஸ், 'ஞானஸ்நானம் பிப்ரவரி 1697'. பதிவேட்டில் போய்ப் பார்த்தேன், இருந்தது. குழந்தையாகவே இறந்திருக்கக்கூடாதே என்று 1697-ன் அடக்கங்களை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தேன். இல்லை. ஒரு வருடம் பார்த்தாயிற்று என்று டிக் போட்டுவிட்டு மேலே ஏறி, அவனுடைய அப்பா, தாத்தா என்று நான்கு மாதம் உழைத்தேன். நான் படித்த அந்தப் பக்கம் 1697 மார்ச் 25-ல் தொடங்கி அடுத்த மார்ச் 24-ல் முடிகிறது. குழந்தைக்கு ஞானஸ்நானம் நடந்தது அந்த வருடத்தின் கடைசியில். ஆக, ஒரு வருடம் பார்த்தேன் என்று நான் நினைத்ததில் அவன் உயிரோடு இருந்த காலம் சில வாரம்தான். 1698 என்று தலைப்பிட்ட அடுத்த பக்கத்தில், மூன்றாவது வரியில், ஏப்ரல் மாதம், 'தாமஸின் மகன் தாமஸ், குழந்தை' என்று அடக்கம்.

அதனால் ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரை வரும் எந்தத் தேதியையும் 1697/98 என்று இரட்டையாகவே எழுதுங்கள். பழைய தாளில் ஒற்றை வருடம் மட்டும் இருந்தால், எழுதியவர் திருத்தி எழுதினாரா அப்படியே எடுத்தாரா என்று ஏட்டைப் பார்க்காமல் சொல்ல முடியாது. எண் போட்ட மாதங்களும் இதே ரகம்: 7 போட்டு 'பர்' என்றிருந்தால் அது செப்டம்பர், ஜூலை இல்லை. 8 அக்டோபர், 9 நவம்பர், 10 டிசம்பர். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம் என்றால் 1752-க்கு முந்தைய 'முதல் மாதம்' மார்ச்.

6. அட்டவணையை விட்டுப் படத்தைப் படியுங்கள்

தேடல் பெட்டியில் வரும் பெயர் யாரோ ஒருவர் படித்துத் தட்டியது. அது வழிகாட்டிப் பலகை மாதிரி, எந்தப் பக்கத்துக்குப் போக வேண்டும் என்பதற்கு மட்டும். படத்தைத் திறந்த பிறகும் அந்த ஒரு வரியோடு நிற்காமல் முன்னும் பின்னும் இரண்டு பக்கம் படியுங்கள். ஒரே மாதத்தில் வரிசையாக அடக்கங்கள் என்றால் ஊரில் நோய் வந்திருக்கிறது. பல வருடம் ஒரே கையெழுத்து, ஒரே மை என்றால் நீங்கள் பார்ப்பது பிற்காலத்து நகல், வரி விட்டுப்போக வாய்ப்புண்டு. ஸ்ட்ராட்ஃபோர்டு பதிவேட்டின் 1600-க்கு முந்தைய பகுதியே இப்படிப் படியெடுத்ததுதான்.

பழைய எழுத்து பயமுறுத்தும். பழகுவதற்கு ஒரே வழி, 1800-ல் தொடங்கி ஒவ்வொரு இருபது வருடமாகப் பின்னோக்கிப் போவது. அதே ஊரில் அதே குடும்பப் பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வரும், அதனால் 1600-க்கு வரும்போது பாதியைக் கண் தானாகவே படிக்கும். நேராக 1570-ல் குதித்தவர்கள் எல்லாம் இரண்டாம் நாளே விட்டுவிட்டார்கள்.

1733 வரை லத்தீன் வரலாம். சொற்கள் கொஞ்சம்தான்: ஃபிலியுஸ் மகன், ஃபிலியா மகள், செபுல்துஸ் என்றால் அடக்கம் செய்யப்பட்டவர், விதுவா என்றால் விதவை (அதை மட்டும் நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்). பெயர்களில்தான் கவனம் வேண்டும். குலியெல்முஸ் வில்லியம், எகிடியுஸ் ஜைல்ஸ், யாக்கோபுஸ் பெரும்பாலும் ஜேம்ஸ். ஷேக்ஸ்பியரின் 1564 ஏப்ரல் 26 ஞானஸ்நானப் பதிவே 'குலியெல்முஸ் ஃபிலியுஸ் ஜொஹான்னெஸ்' என்றுதான் இருக்கிறது. இலக்கணப்படி 'ஜொஹான்னிஸ்' என்று வர வேண்டும். எழுதியவரின் லத்தீனும் அவ்வளவுதான், அதனால் ஒரு எழுத்தை வைத்துக்கொண்டு பெரிய கோட்டை கட்டாதீர்கள்.

7. கிடைத்த ஆளைக் கொன்று பாருங்கள்

கேட்க ஒரு மாதிரி இருந்தாலும் இந்த வேலையின் நடுநாயகம் இதுதான். ஞானஸ்நானப் பதிவு கிடைத்ததும் அந்தக் குழந்தை இறந்துவிட்டது என்று நிரூபிக்க முயலுங்கள். அதே பங்கிலும் சுற்றியுள்ள பங்குகளிலும் அடக்கங்களைப் பாருங்கள், கல்யாண வயது வரை. முயன்று தோற்றால்தான் அவர் நம் ஆளாக இருக்க வாய்ப்பு.

அடக்கப் பதிவு கிடைக்காத இடத்தில் உடன்பிறப்புகள் பேசுவார்கள். ஷேக்ஸ்பியரின் அப்பா அம்மாவுக்கு 1558 செப்டம்பர் 15-ல் ஜோன் என்று ஒரு மகள். 1569 ஏப்ரல் 15-ல் மறுபடி ஜோன் என்று ஒரு மகள். முதல் ஜோனுக்கு அடக்கப் பதிவு கிடையாது, ஆனாலும் இறந்துவிட்டாள் என்று கொள்கிறோம், ஏனென்றால் இறந்த குழந்தையின் பெயரை அடுத்ததற்கு வைப்பது அங்கே வழக்கம். அதனால் ஒரே ஒரு குழந்தையைத் தேடாமல் அந்தத் தம்பதியின் எல்லாக் குழந்தைகளையும் வரிசையாக எழுதுங்கள். இரண்டு வருட இடைவெளியில் அழகாக வரும். நடுவில் ஐந்து மாதத்தில் ஒன்று வந்தால், அந்த ஊரில் அதே பெயரில் இரண்டு அப்பாக்கள்.

பிறகு போட்டியாளர்கள். நீங்கள் தேடும் ஜான் 1725-ல் கல்யாணம் செய்தார் என்றால், 1690 முதல் 1707 வரை பத்து மைல் சுற்றளவில் ஞானஸ்நானம் பெற்ற அதே பெயருள்ள எல்லா ஜான்களையும் பட்டியல் போட்டு, ஒவ்வொருவராக இறந்தார், வேறு ஒருத்தியை மணந்தார், வேறு ஊரில் பிள்ளை பெற்றார் என்று அடித்துக்கொண்டே வாருங்கள். ஒருவர் மிஞ்சினால் நல்லது. மூவர் மிஞ்சினால் மூவர் என்றே எழுத வேண்டியதுதான். பெயரைத் தேடும்போது எழுத்துக்கூட்டலை நம்பாதீர்கள், ஷேக்ஸ்பியருடைய பெயரே அடுத்தடுத்த நாள் ஆவணங்களில் ஒன்றில் 'எக்ஸ்' போட்டும் (Shaxpere) இன்னொன்றில் 'ஜி' போட்டும் (Shagspere) வருகிறது.

8. கல்யாணப் பதிவு

ஷேக்ஸ்பியரின் பெயர் இரண்டு விதமாக வந்த அந்த ஆவணங்கள் அவருடைய கல்யாணத்துக்கு உரியவைதான். 1582 நவம்பர் 27-ல் வூஸ்டர் பிஷப்பின் ஏட்டில் பதிவான கல்யாண உரிமத்தில் மணப்பெண் டெம்பிள் கிராஃப்டனைச் சேர்ந்த ஆன் வேட்லி. மறுநாள் எழுதிய பிணைப்பத்திரத்தில் ஸ்ட்ராட்ஃபோர்டைச் சேர்ந்த ஆன் ஹாத்வே. இரண்டு பெண்கள் என்று கதை கட்டியவர்கள் உண்டு. வேட்லி என்ற பெயருடைய ஒருவரின் வழக்கு அதே நாளில் அந்த அலுவலகத்துக்கு வந்திருக்கிறது, எழுத்தரின் கை தவறியிருக்க வேண்டும் என்பது பொதுவான கருத்து. கல்யாணம் நடந்த பதிவோ எந்தப் பங்கிலும் கிடைக்கவில்லை. உங்கள் தாளில் உள்ள கல்யாணத் தேதி இப்படி உரிமம் வாங்கிய தேதியாக இருக்கலாம், கோயிலில் நடந்த தேதியாக இல்லாமல்.

1754 மார்ச் 25-க்குப் பிறகு நிம்மதி. ஓலை வாசித்தோ (கோயிலில் கல்யாண அறிவிப்பு) உரிமம் வாங்கியோதான் கல்யாணம், சாட்சிகள் கையெழுத்து, மணமக்களின் கையெழுத்து அல்லது கைநாட்டு. கையெழுத்தைப் படம் பிடித்து வையுங்கள். அதே ஆள் பத்து வருடம் கழித்துத் தங்கை கல்யாணத்தில் சாட்சி போட்டிருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம், இதைவிட நல்ல சாட்சி அபூர்வம்.

கல்யாணம் கிடைக்காவிட்டால் பெண்ணின் ஊரில் தேடுங்கள். பெரும்பாலும் அங்கேதான் நடந்திருக்கும், தலைப்பிள்ளையின் ஞானஸ்நானம்கூட அங்கே இருக்கக்கூடும்.

9. ஏட்டுக்கு வெளியே ஒரு சாட்சி

பதிவேட்டை மட்டும் வைத்து ஒரு இணைப்பு முழுவதுமாகத் தேறாது. உயில் ஒன்று கிடைத்தால் போதும், 'என் மகன் ஜான், அவன் மகள் மேரி' என்று மூன்று தலைமுறையை ஒரே பத்தியில் கட்டிப்போடும். 1858-க்கு முன் உயில்கள் திருச்சபை நீதிமன்றங்களில் பதிவாயின. கான்டர்பரி நீதிமன்றத்துடையவை கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், மற்றவை பெரும்பாலும் கவுண்டிக் காப்பகங்களில். உயில் எழுதச் சொத்தில்லாத ஏழைகளுக்கு 1662 சட்டத்துக்குப் பிந்தைய, எந்தப் பங்கைச் சேர்ந்தவர் என்று விசாரித்த தாள்கள் உண்டு. எந்தப் பங்கு சோறு போட வேண்டும் என்ற சண்டையில், பிறந்த ஊர் முதல் வேலை செய்த இடம் வரை கேட்டு எழுதியிருப்பார்கள்.

உயிலில் உறவுச் சொற்களை இன்றைய பொருளில் எடுக்காதீர்கள். 'சன்-இன்-லா' என்றால் மனைவியின் முதல் கல்யாணத்து மகனாகவும் இருக்கலாம், 'கசின்' அண்ணன் மகனாக இருக்கலாம். பெரியப்பா, சித்தப்பா, மாமா என்று தனித்தனியாகச் சொல்லிப் பழகிய நமக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். 'சீனியர்', 'ஜூனியர்' என்று வந்தாலும் அப்பா மகன் என்று அர்த்தமில்லை, ஊரில் அதே பெயரில் மூத்தவர், இளையவர், அவ்வளவே.

10. முடிவை எழுதி வையுங்கள்

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'உறுதி', 'இருக்கலாம்', 'உடைந்தது' என்று ஏதாவது ஒன்றை எழுதி, ஏன் என்று இரண்டு வரி சேருங்கள். தேடிக் கிடைக்காத இடங்களையும் எழுதுங்கள், எந்தப் பங்கு, எந்த வருடம் முதல் எதுவரை என்று. எழுதாவிட்டால் ஆறு மாதம் கழித்து அதே ஏட்டை மறுபடி புரட்டுவீர்கள்.

ஒரு இணைப்பு உடைந்தால் அதற்கு மேல் உள்ளவை எல்லாம் கீழே உள்ளவர்களிடமிருந்து கழன்றுவிடும். அழிக்க வேண்டாம், தனியே எடுத்து வையுங்கள். அந்தக் குடும்பம் வேறு வழியில் திரும்ப வந்து சேரலாம். எங்கள் சார்ட் தாளின் மேல் ஐந்து தலைமுறை, அந்தச் சிவப்பு மை 1561-ஓடு சேர்த்து, இப்போது ஒரு பழுப்பு உறையில் இருக்கிறது. உறை மேல் 'தாமஸ், குழந்தை, அடக்கம் ஏப்ரல் 1698. வேறு தாமஸ் வேண்டும்' என்று எழுதியிருக்கிறேன். பக்கத்துப் பங்குகளில் இதுவரை இரண்டு தாமஸ் கிடைத்திருக்கிறார்கள், இருவரையும் கொன்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.